இரண்டு ‘இரு’

ஜப்பானிய மொழி படிக்கிறவர் ஒரு நாள் சன்னலடியில் வந்து சிக்கிக்கொள்வார். ‘மாதோ கா ஐதே இரு’ என்றால் சன்னல் திறந்திருக்கிறது. ‘மாதோ கா அகேதே அரு’ என்றாலும் சன்னல் திறந்திருக்கிறது. ‘மாதோ ஓ அகேதே ஒகு’ என்றால் சன்னலைத் திறந்து வைக்கிறேன். உலகமெங்கும் புழங்கும் ‘மின்னா நோ நிஹோங்கோ’ பாடநூலில் முதலாவது 29ஆம் பாடத்தில் வருகிறது, மற்ற இரண்டும் 30ஆம் பாடத்தில். அடுத்த வாரமே மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

சிக்கெடுக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஆங்கில வழி: ‘இரு’ என்றால் ‘இங்’, ‘மிரு’ என்றால் ‘ட்ரை’, ‘ஒகு’ என்றால் ‘இன் அட்வான்ஸ்’ என்று சீட்டு ஒட்டுவது. மற்றது தமிழ் வழி: ஒகு என்றால் வை, மிரு என்றால் பார், ஷிமாவு என்றால் விடு, இரு என்றால் இருதான். “துணைவினை நம் வீட்டுச் சரக்கு, இதில் என்ன கஷ்டம்?” என்பார்கள் தமிழ்க் கட்சிக்காரர்கள். நானும் நெடுநாள் அந்தக் கட்சிதான். சில ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகு பாதி விலகிவிட்டேன்.

விலகாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஒகு’ தனியே நின்றால் ‘வை’ என்றே பொருள். விருந்தாளி வருமுன் பீரைக் குளிர வைத்துவைப்பது, நாளைக்கு வேண்டுமென்று இன்றே வாங்கி வைப்பது, ஒருவர் காதில் முன்கூட்டிப் போட்டுவைப்பது எல்லாம் அதில் அடங்கும். ‘சோனோ மாமா நி ஷிதே ஒய்தே’ என்றால் அப்படியே விட்டு வை. இந்த இரண்டாம் பொருளை ஆங்கிலச் சீட்டு தொடுவதே இல்லை. ‘மிரு’வும் அப்படித்தான். ‘தபேதே மிதா’ என்றால் சாப்பிட்டுப் பார்த்தேன், வாய்க்குள் போயாயிற்று. ‘தபேயோ தோ ஷிதா’ என்றால் சாப்பிடப் பார்த்தேன். கை வாயருகே போனதோடு சரி. இரண்டுக்கும் ‘ட்ரை’ என்று எழுதிக்கொண்டவர் தேர்வறையில் திண்டாடுவார். நமக்கு எச்சம் மாறினாலே பொருள் மாறிவிடுகிறது. இங்கே தமிழ் வழிக்கு முழு மதிப்பெண்.

இந்தப் பொருத்தத்தைப் பார்த்தவுடன் சிலருக்குச் சுசுமு ஓனோ (1919–2008) நினைவுக்கு வருவார். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று வாதிட்டவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. துணைவினைகளை அதற்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். கொரிய மொழியிலும் ‘பார்’, ‘வை’ என்று பொருள்படும் வினைகள் இதே வேலையைச் செய்கின்றன. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளுக்கு இது பழகிய தடம்.

‘ஷிமாவு’க்கு வந்தால் தமிழ் வழி சறுக்குகிறது. மறந்துவிட்டேன் என்பது ‘வசுரேதே ஷிமத்தா’ என்று அழகாகப் பொருந்தும். பேச்சில் நாம் ‘மறந்துட்டேன்’ என்று சுருக்குவதுபோல் அவர்களும் ‘வசுரேசத்தா’ என்று சுருக்குகிறார்கள். ஆனால் நம் ‘விடு’ தேய்ந்துபோன காசு. வந்துவிட்டேன், முடித்துவிட்டேன், பாஸாகிவிட்டேன் என்று நல்லதற்கும் கெட்டதற்கும் போடுகிறோம். ஷிமாவுவில் வேலை முடிந்தது என்ற பொருள் உண்டு என்றாலும், ‘ஐயோ, இப்படி ஆகிவிட்டதே’ என்ற தொனி பல நேரம் கூடவே நிற்கும். என்னிடம் படித்த ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்ட அறிக்கையை முடித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து மேலாளரிடம் “யத்தே ஷிமைமாஷிதா” என்றான். அவர் முகம் மாறி, என்ன தப்பு நடந்தது என்று கேட்டாராம். “செய்து தொலைத்துவிட்டேன்” என்றல்லவா அவர் காதில் விழுந்திருக்கிறது! ஆகவே ஷிமாவுவுக்கு முதல் இணை ‘விடு’ அல்ல, ‘தொலை’.

உண்மையான சண்டை ‘இரு’வில்தான். எழுத்தில் ஒன்றுபோல் இருப்பது தற்செயல். பழைய ஜப்பானியத்தில் அது வகரத்தோடு ‘விரு’ என்றிருந்தது. தொட்டியில் மீன் மிதக்கிறது, ‘சகானா கா ஷிந்தே இரு’ என்கிறார்கள். ‘இங்’ சீட்டு ஒட்டியவர் மீன் செத்துக்கொண்டிருக்கிறது, காப்பாற்றலாம் என்று ஓடுவார். தமிழ் ‘இரு’வை நம்பியவருக்கு, செத்துக் கிடக்கிறது என்று சரியாகவே தெரியும். ஆனால் அதே ஆள் ‘யோந்தே இரு’வைப் படித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவார். அங்கே படித்துக்கொண்டிருக்கிறார் என்பதே முதல் பொருள்.

எது எப்போது என்பதை ‘இரு’வில் தேடிப் பயனில்லை, முன்னால் நிற்கும் வினையில் தேட வேண்டும். 1950இல் கிந்தாய்ச்சி ஹாருஹிகோ, ‘தே இரு’வோடு எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்தே ஜப்பானிய வினைகளை நான்காகப் பிரித்தார்: அதை ஏற்காதவை, நீண்டு நடப்பவை, கணத்தில் முடிபவை, மலை ஓங்கி நிற்பதுபோல எப்போதும் அதனோடே வருபவை. 1970களின் பிற்பகுதியில் ஒகுதா யசுவோ, நேரத்தின் நீளம் முக்கியமல்ல, எழுவாய் மாறுகிறதா என்பதே கேள்வி என்று திருத்தினார். வகுப்பறைக்கு ஒகுதாவின் கேள்வியே கைகொடுக்கிறது. சாவது கணத்திலா நீண்டா என்று வாதாட வேண்டாம்; மீன் மாறிவிட்டது, போதும்.

நமக்கு ‘கொண்டிரு’ ஒன்று, ‘இரு’ ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. டோக்கியோ மொழியில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஷிகோகு தீவின் உவாஜிமாப் பக்கத்தில் பூ உதிர்ந்துகொண்டிருந்தால் ‘சிரியோரு’, உதிர்ந்து கிடந்தால் ‘சித்தோரு’. தமிழர் ஜப்பானியம் படிக்க டோக்கியோவைவிட உவாஜிமா தோது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி ‘அரு’. பலகையில் பெயர் எழுதியிருக்கிறது என்கிறோமே, அதுதான் ‘நமாயே கா கைதே அரு’. எழுதியவர் யாரென்று சொல்லவில்லை, ஆனால் ஒருவர் எழுதித்தான் இருக்கிறார். முடிந்த நிலையைச் சொல்ல, செயப்படுபொருள் குன்றாவினைக்கு அரு, குன்றியவினைக்கு இரு. இவ்வளவு தெளிந்த விதியைக் கெடுப்பது முன்பே 10ஆம் பாடத்தில் படித்த இன்னொரு விதி: உயிருள்ளதற்கு இரு, உயிரற்றதற்கு அரு. சன்னலுக்கு உயிரில்லை என்று ‘ஐதே அரு’ எழுதிவிட்டு வருவார்கள். துணைவினையான பிறகு உயிர்க்கணக்கு செல்லாது என்று எந்தப் பாடநூலாவது கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம்.

தமிழ் வழியின் பெரிய ஓட்டையும் இங்கேதான். நம் ‘இரு’ இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. போதாததற்கு ‘திற’ நமக்குத் தன்வினையும் பிறவினையுமாக இருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறது என்றால் காற்றா, ஆளா? தமிழ் வாய் திறக்காது. பாடநூல் தேர்ந்தெடுத்த வினை, தமிழருக்கு வாய்த்ததிலேயே மோசமான உதாரணம்.

ஆக, என் தீர்ப்பு தமிழ் வழிக்கே, ஆனால் அட்டவணையாக அல்ல. ஒகுவுக்கும் மிருவுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஷிமாவுவுக்கு இணையை மாற்ற வேண்டும். இருவுக்கும் அருவுக்கும் துணைவினையைப் பெயர்ப்பதை விட்டு, முதல் வினையில் தன்வினையும் பிறவினையும் காதில் விழும்படி பிரியும் சொல்லைத் தேட வேண்டும். கயிறு அறுந்திருக்கிறது: ‘ஹிமோ கா கிரேதே இரு’. கயிறு அறுத்திருக்கிறது: ‘ஹிமோ கா கித்தே அரு’. இப்போதெல்லாம் 30ஆம் பாடத்தன்று சன்னல் பக்கமே நான் போவதில்லை. ஒரு சணல் கயிறும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன்.