முட்டை என்னும் எழுவாய்

‘மலடி’ என்று சபையில் சொல்லக் கூசுகிற காலம் இது. அந்தச் சொல் இருந்த இடத்தில் இப்போது ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது: “அவளுக்கு முட்டை வளரல.” திண்டுக்கல் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதைக் கேட்கலாம். மருத்துவ வாக்கியம்தானே என்று விட்டுவிட முடியாது. இதன் எழுவாய் முட்டை. மருந்து, மருத்துவர், கணவர் யாருக்கும் இதில் இடமில்லை.

மருந்தை உள்ளே கொண்டுவந்து பார்ப்போம். குளோமிஃபீன், லெட்ரோசோல் இரண்டும் பெரும்பாலும் ஐந்து நாள் விழுங்கும் மாத்திரைகள். முன்னது, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதை மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. பின்னது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பதையே குறைக்கிறது. இரண்டிலுமே பிட்யூட்டரி கூடுதலாக ஹார்மோன் சுரந்து சினைப்பையைத் தூண்டுகிறது.

2011இல் இந்திய அரசு குழந்தையின்மை சிகிச்சையில் லெட்ரோசோலைத் தடைசெய்தது. 2014இல் அமெரிக்காவில், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள். குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினர். இங்கே தடை நீங்கியது 2017இல். இடைப்பட்ட ஆண்டுகளில் “வளரல” என்று பேர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வளராதது முட்டை, எத்தனை பேருக்குப் பொருந்தாதது மாத்திரை?

ஊசிகளின் கதை வேறு. 1950களில் இத்தாலியில், மாதவிடாய் நின்ற கன்னியாஸ்திரீகளின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். பிள்ளை பெறாத வாழ்வைத் தேர்ந்துகொண்ட பெண்களின் உடம்பிலிருந்து, பிள்ளைக்காக ஏங்கும் பெண்களுக்கு மருந்து. முதல் கூட்டத்தை யாரும் ‘குறை’ என்று சொல்லவில்லை. பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்துத் தயாரித்த ஊசிகள் வந்தன, விலையும் ஏறியது. ஆனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த ஊசியானாலும் தூண்டல் மிஞ்சினால் சினைப்பை வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், அரிதாக ரத்தம் உறையும். அந்த ஆபத்து முழுவதும் அவளுக்குத்தான். குறை கணவரின் விந்தணுவில் இருந்தாலும் ஊசி அவளுக்குத்தான்.

ஆகவே, மாணவிகளே, வாக்கியத்தைத் திருத்துவோம். எந்த மருந்து, ஏன் அது, என்ன விலை, என்ன ஆபத்து, எத்தனை மாதம், கணவருக்குப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்போம். கேட்கிற பெண்தான் அந்த வாக்கியத்தின் எழுவாயாக இருக்க வேண்டும்.