வரிசை வீடுகளின் முகமும் அகமும்

கட்டிடத்தின் அழகைப் பற்றிப் பேசுவோருள் பலர் முகப்பைக் கண்டவளவில் நின்றுவிடுகின்றனர். சிங்கப்பூரில் தேக்காவையும் ஜாலான் புசாரையும் சுற்றிப் பார்ப்போர், கடைவீடுகளின் வர்ணத்தையும், 1930-ஆம் ஆண்டையொட்டி எழுந்த பெட்டைன் ரோட்டு வரிசை வீடுகளின் பூ ஓடுகளையும் வியந்து செல்வர். வியக்கத்தக்கவையே. ஆயினும் அவ்வரிசைகளின் மெய்யான பெருமை முகப்பின் கீழே, நம் காலடியில் கிடக்கிறதென்பதே நமது அபிப்பிராயம்.

சுவரோடு சுவர் சேர்ந்த வீட்டு வரிசை இங்கிலாந்திலும் உண்டு. 1666-இல் லண்டன் மாநகர் எரிந்தபின், செங்கல்லாலும் கருங்கல்லாலுமே வீடு கட்டவேண்டுமென 1667-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பின்னாளில் செல்வர்க்கென எழுந்த வரிசைகள் ஒரே அரண்மனைபோல் தோன்றின. ஆனால் அவற்றின் முன்னே இரும்புக் கம்பிவேலி நின்றது. தெருவில் நடப்பவன் மழையில் நனைந்தான். நம் நாட்டு அக்கிரகாரமும் வீட்டு வரிசைதான். அங்கே திண்ணையும் நிழலும் இருந்தன. இன்ன ஜாதியார் அத்தெருவில் கால் வைக்கலாகாதென்ற கட்டுப்பாடும் உடன் இருந்தது.

சிங்கப்பூரில் 1822-ஆம் ஆண்டு ராபிள்ஸ் துரை நகரக் குழுவினர்க்கு வேறொரு விதி வகுத்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் விடவேண்டும். அது கூரையுடன் தொடர்ந்து செல்லும் பாதையாய் எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்பதே அது. நாம் ‘அஞ்சடி’ என வழங்குவது அதனையே. வீட்டுக்காரனுடைய கூரை வழிப்போக்கனுக்குக் குடையாயிற்று. ஒதுங்குபவனை யாரென்று கேளாத கட்டிடக்கலை இது. வணிகர் அப்பாதையைச் சரக்குகளால் அடைத்ததும், 1888-இல் நகராட்சியார் அவற்றை அகற்ற முற்பட்டபோது கலகம் மூண்டதும் சரித்திரம்.

நிற்க. வழிப்போக்கனுக்கு நீதி செய்த வீடு, உள்ளே குடியிருந்தவனுக்கு என்ன செய்தது? அகலம் ஏறத்தாழ 16 முதல் 20 அடி. நீளமோ அதனினும் பன்மடங்கு. இரு பக்கமும் பொதுச்சுவர். நடுவே திறந்த காற்றுமுற்றமே வெளிச்சத்துக்கு வழி. அத்தகைய வீட்டைப் பலகையால் சிற்றறைகளாகத் தடுத்து, ஏழைகளை அடைத்து வாடகை வாங்கினர். அவ்விருட்டறைகளின் கேட்டினை 1907-ஆம் ஆண்டு டாக்டர் சிம்ப்சன் தம் அறிக்கையில் விரித்துரைத்தார். வரிசையாய்க் கட்டிய வீடெல்லாம் வாழத்தக்க வீடாகாதென்பதைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள விதிகள் முகப்போடு நில்லாமல், கூரை, பொதுச்சுவர், காற்றுமுற்றம், அஞ்சடி ஆகியவற்றையும் காக்கின்றன. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டவை ரசிகர் கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் தகுமா? ஒரு வீட்டைப் புகழுமுன் இரண்டு கேள்விகள் கேட்போமாக: தெருவில் நடப்பவனுக்கு இது நிழல் தருகிறதா? உள்ளே உறங்குபவனுக்குக் காற்றுத் தருகிறதா? இவ்விரண்டுக்கும் ஆம் எனும் வீடே அழகிய வீடு.