ஒரு நிமிடப் பந்தயம்

ஸ்பீட்வே பைக்குக்குப் பிரேக் கிடையாது. ஒரே கியர், 500 சிசி எஞ்சின், மெத்தனால் எரிபொருள். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது பூட்ஸை மண்ணில் தேய்த்தபடி திரும்புவார்கள். நான்கு பேர், நான்கு சுற்று. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வளைவோரம் நின்றால் மண் முகத்தில் தெறிக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்! முதலிடத்துக்கு 3, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் தாத்தாவும் பேத்தியும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பேனாவால் புள்ளிகளைக் குறித்துக்கொள்வார்கள். குடும்பத்தை ஒட்டவைக்க இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது.

1928இல் லண்டன் அருகே ஹை பீச்சில் இந்தப் பந்தயத்தைப் பார்க்க அமைப்பாளர்களே எதிர்பாராத கூட்டம் திரண்டது. இன்று பிரிட்டனில் மைதானமே கைவிட்டுப் போகிறது. பெரும்பாலான அணிகள் வாடகைக்கு இருப்பவை. கோவென்ட்ரியின் பிராண்டன் மைதானத்தில் ஸ்பீட்வே 2016உடன் ஓய்ந்தது, வுல்வர்ஹாம்ப்டனில் 2023உடன். போதாக்குறைக்கு மழை வந்தால் ஆட்டம் ரத்து. ஓட்டங்களுக்கு நடுவே டிராக்டர் மண்ணைச் சமன்செய்யும்வரை காத்திருப்பு. சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது நீண்ட நேரம்.

ஆனாலும் வழி இருக்கிறது. மான்செஸ்டரில் 2016இல் ஸ்பீட்வேக்கென்றே மைதானம் எழும்பியது. போலந்தின் டோருனில் அதற்கு முன்பே, 2009இல். அங்கே இந்த விளையாட்டை ஊரே தன்னுடையதாக நினைக்கிறது. பிரிட்டிஷ் நகரசபைகளும் மைதான நிலத்தில் வீட்டுமனைக்கு அனுமதி தருமுன் அந்த ஊர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.