கதை சொல்லி ஆண்டவர்: லிங்கனின் நகைச்சுவையும் அரசியல் அறிவும்

ஆபிரகாம் லிங்கன் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைப் போட்டுச் சிரிப்புப் புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. 1863-இல் ஒன்று, 1864-இல் இன்னொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் பட்டியல் நாளிதழ்களில் பத்தி பத்தியாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் புத்தகங்களில் இருந்த துணுக்குகளில் பல அவர் பிறப்பதற்கு முன்பே ஊர் சுற்றியவை. சொன்னவர் பெயர் மட்டும் புதிது.

குறைசொன்னவர்களும் இதே சரக்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் வடக்குப் படை 12,000 பேருக்கு மேல் இழந்தது. மாண்டவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாரும் சேர்த்து. மூன்று வாரம் கழித்து, 1863 ஜனவரி 3 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. நாட்டின் உருவகமான கொலம்பியா அன்னை தன் 15,000 பிள்ளைகள் எங்கே என்று லிங்கனைக் கேட்கிறாள். அவரோ, இது எனக்கு ஒரு சின்ன ஜோக்கை நினைவுபடுத்துகிறது என்று ஆரம்பிக்கிறார். அன்றைய அமெரிக்காவில் அதைப் பார்த்துக் கலங்காத தாய் இருந்திருக்க மாட்டாள்.

ஆக, ஒரு பக்கம் எதற்கெடுத்தாலும் கதை சொல்லும் அன்புக்குரிய கிழவர். மறுபக்கம் பிணக்குவியலுக்கு நடுவே சிரிக்கும் கோமாளி. இரண்டு படங்களுக்கும் அடித்தளம் ஒன்றே: யார் எப்போது கேட்டார்கள் என்று தெரியாத கதைகள். லிங்கனின் நகைச்சுவை பற்றிய ஆய்வின் வரலாறு, பெரும்பாலும், இந்தக் கதைகளைச் சலித்தெடுக்கும் வரலாறுதான்.

அவர் கொலையுண்ட 1865-லேயே வேலை தொடங்கிவிட்டது. வக்கீல் தொழிலில் அவருடைய கூட்டாளியாக இருந்த வில்லியம் ஹெர்ண்டன், பழைய அண்டைவீட்டார், உறவினர், நண்பர்கள் எல்லாரையும் தேடிப்போயும் கடிதம் எழுதியும் நினைவுகளைத் திரட்டினார். 1886-இல் ஆலன் தார்ண்டைக் ரைஸ் பிரமுகர்களின் நினைவுக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். இருபதாண்டுக்கு முந்தைய பேச்சு அவற்றில் நேற்றுக் கேட்டதுபோல மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. பாசத்தோடு எழுதியவைதான், ஆனாலும் சாட்சியம் என்ற தகுதி அவற்றுக்குக் குறைவு. 1935-இல் பெஞ்சமின் தாமஸ் எழுதிய கட்டுரைதான் இந்த நகைச்சுவையை வெறும் துணுக்காகப் பார்க்காமல், இல்லினாய் எல்லைப்புற வாழ்க்கையிலும் மனிதரின் மனப்போக்கிலும் வைத்துப் பார்த்தது. 1953-இல் ராய் பாஸ்லர் பதிப்பித்த எழுத்துகளின் முழுத்தொகுப்பு வந்தபின், பேசியதாகச் சொல்லப்படுவதை எழுதியதோடு ஒப்பிட வழி பிறந்தது. 1982-இல் பி. எம். ஸால் துணுக்குகளின் மூலங்களைத் தேடினார்.

என் பார்வையில் இத்துறையின் மிகப் பெரிய சேவை 1996-இல் வந்தது. டான் ஃபெரன்பாக்கர், வர்ஜீனியா ஃபெரன்பாக்கர் தம்பதியர் லிங்கன் பேசியதாகப் பிறர் சொன்ன கூற்றுகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் ஈ வரை தரம் போட்டார்கள். காதால் கேட்டவர் அப்போதே எழுதிவைத்த நேர்கூற்றுக்கு ஏ; பெரும்பாலும் நம்பத் தகாததற்கு ஈ. உலகம் முழுக்க மேடைகளில் முழங்கும் புகழ்பெற்ற வாசகம் ஒன்று உண்டு: எல்லாரையும் எப்போதும் ஏமாற்ற முடியாது என்பது. 1858-இல் இல்லினாயின் கிளின்டனில் பேசியதாகச் சொல்வார்கள். அக்காலப் பதிவு எதிலும் அது இல்லை. தளபதி கிரான்ட் எந்த விஸ்கி குடிக்கிறார் என்று சொல்லுங்கள், மற்றத் தளபதிகளுக்கும் ஒரு பீப்பாய் அனுப்புகிறேன் என்ற கதைக்கும் மூதாதை உண்டு. பிரிட்டிஷ் தளபதி வுல்ஃபுக்குப் பைத்தியம் என்று புகார் வந்தபோது, அவர் மற்றத் தளபதிகளையும் கடிக்கட்டும் என்று இரண்டாம் ஜார்ஜ் மன்னர் சொன்னதாக வழங்கும் பழைய கதைதான் அது. இப்படிப்பட்டவற்றை இழப்பதால் லிங்கன் சிறுத்துப் போவதில்லை. தேதியும் கையெழுத்தும் உள்ள ஆவணங்களில் இருக்கும் லிங்கன் இதைவிடக் கூர்மையானவர்.

அந்தக் கூர்மை முதலில் நல்லதாக இருக்கவில்லை. 1840-இல் ஸ்பிரிங்ஃபீல்டு கூட்டமொன்றில் ஜெஸ்ஸி தாமஸ் என்ற எதிர்க்கட்சிக்காரரின் நடை, குரல், சைகை அத்தனையையும் நடித்துக்காட்டி, அவரைக் கூட்டத்தின் முன் அழவைத்தார் லிங்கன். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்று ஹெர்ண்டன் சொல்கிறார். 1842-இல் மாநில நிதித் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸை, ரெபெக்கா என்ற நாட்டுப்புறப் பெண்ணின் பெயரில் செய்தித்தாளில் கடிதம் எழுதிக் கிழித்தார். மாநில வங்கியின் நோட்டை வரிக்கு வாங்க அரசு மறுத்ததுதான் விஷயம். ஆனால் கேலி ஷீல்ட்ஸின் தோற்றம், தற்பெருமை வரை போனது. ஷீல்ட்ஸ் சண்டைக்கு அழைத்தார். ஆயுதமாகக் குதிரைப்படைப் பட்டாக்கத்தியைத் தேர்ந்தார் லிங்கன். இருவரும் மிசிசிப்பி ஆற்றுத்தீவு வரை போனபின் நண்பர்கள் குறுக்கிட்டுச் சமாதானம் செய்தார்கள். பின்னாளில் அந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. அதிபரான பின் 1861-இல் அதே ஷீல்ட்ஸைப் படைத் தலைவராக நியமித்தவரும் அவர்தான்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் 1858-க்கும் இடையே ஏதோ பக்குவப்பட்டிருக்கிறது. செனட் தேர்தலில் ஸ்டீபன் டக்ளஸோடு ஏழு ஊர்களில் நடத்திய விவாதங்களில் கேலி உண்டு. ஆனால் அது ஆளின் நடையுடையை விட்டுக் கொள்கையின் ஓட்டையைக் குறிவைக்கிறது. புதிய பிரதேசங்களில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்பது டக்ளஸின் கொள்கை. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு அதன் அடியையே வெட்டிவிட்டது: நாடாளுமன்றம்கூட அங்கே அடிமைமுறையைத் தடுக்க முடியாது என்றது. டக்ளஸ் தீர்ப்பையும் ஆதரித்தார், தம் கொள்கையும் உயிரோடு இருக்கிறது என்றார். குவின்சி நகரில் லிங்கன் கேட்டார்: பட்டினியில் செத்த புறாவின் நிழலைக் கொதிக்கவைத்து எடுத்த ஹோமியோபதி ரசத்தைப்போல இந்தக் கொள்கை நீர்த்துப்போய்விட்டதே? கூட்டம் சிரித்தது. சட்ட நுணுக்கம் ஒரு வரியில் உழவருக்கும் விளங்கிவிட்டது. விளக்கமே சிரிப்பாக அமைந்ததால் சிரித்தவன் வாதத்தையும் ஏற்றுக்கொண்டவன் ஆகிறான்.

1862 செப்டம்பர் 22 அன்று நடந்ததற்கு ஏ தரச் சான்றே உண்டு. அடிமை விடுதலைப் பிரகடனத்தின் முன்வரைவைப் படிக்க அமைச்சரவையைக் கூட்டிய லிங்கன், முதலில் ஆர்ட்டிமஸ் வார்டின் நகைச்சுவைக் கட்டுரை ஒன்றைச் சத்தமாக வாசித்தார். நிதி அமைச்சர் சேஸ் அன்றே நாட்குறிப்பில் எழுதினார்: போர் அமைச்சர் ஸ்டான்டன் தவிர எல்லாரும் ரசித்தார்கள். பிறகு குரல் மாறியது. பிரகடனம் வெளியிடுவது என்ற முடிவை எடுத்தாகிவிட்டது, சொற்களைப் பற்றி மட்டும் யோசனை சொல்லுங்கள் என்றார். மலையளவு முடிவைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், எதிரே இருந்தவர்களின் இறுக்கத்தைத் தளர்த்தப் பார்த்தார், தம் இறுக்கத்தையும்தான்.

அதே ஆண்டு அக்டோபரில், ஆன்டீட்டம் போருக்குப் பின் நகர மறுத்த தளபதி மெக்லெல்லன், குதிரைகள் களைத்துவிட்டன என்று எழுதினார். அந்தப் போருக்குப் பிறகு குதிரைகள் களைக்கும்படி என்ன செய்தன என்று லிங்கன் தந்தி அடித்தார். இதுவரை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து அவர் அனுப்பிய செய்தியை யாரும் கவனிப்பதில்லை: யாருக்கும் அநீதி செய்யும் எண்ணமில்லை, செய்திருந்தால் ஆழ்ந்து வருந்துகிறேன் என்றது அது. நவம்பரில் மெக்லெல்லனைப் பதவியிலிருந்து நீக்கினார். குத்தியதற்கு வருந்தவும் தெரிந்தது, நீக்க வேண்டியவரை நீக்கவும் தெரிந்தது.

1863 ஜனவரி 26 அன்று தளபதி ஹூக்கருக்கு எழுதிய கடிதம் இவ்வகையின் உச்சம். நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி தேவை என்று ஹூக்கர் பேசித்திரிந்தது தெரிந்தே அவருக்குப் படைத்தலைமை கொடுத்த லிங்கன், வெற்றி பெறும் தளபதிகள்தான் சர்வாதிகாரி ஆக முடியும், முதலில் வெற்றியைக் கொண்டுவாருங்கள், சர்வாதிகார அபாயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். ராணுவம் குடியாட்சிக்குக் கட்டுப்பட்டது என்பதைச் சிரித்த முகத்தோடு இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

ரிச்சர்ட் கார்வர்டைன் 2017-இல் வெளியிட்ட நூல் இந்த அறப் பக்கத்தை நன்றாக எடுத்துக்காட்டுகிறது: கபடத்தையும் போலிப் பக்தியையும் அடிப்பதற்கே லிங்கன் அங்கதத்தைப் பயன்படுத்தினார். கூடவே, கறுப்பர்களையும் ஐரிஷ்காரர்களையும் மட்டம் தட்டும் கதைகளும் அவர் வாயிலிருந்து வந்தன என்பதை மறைக்கக் கூடாது. 1862 ஆகஸ்டில் கறுப்பினத்தவர் குழுவிடம், உங்கள் இனம் இங்கே இல்லாவிட்டால் போரே வந்திருக்காது, வேறு நாட்டில் குடியேறுங்கள் என்று பேசினார். அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பத்திரிகையாசிரியர் பிரெடரிக் டக்ளஸ் திருப்பி அடித்தார்: குதிரை இருந்ததால்தான் திருடினேன் என்று குதிரைத்திருடன் சொல்வதைப்போல இருக்கிறது இது. லிங்கனின் பாணியிலேயே லிங்கனுக்குக் கிடைத்த நியாயமான அடி அது.

அவர் அதற்குப் பின் வெகுதூரம் நகர்ந்தார். 1864 ஏப்ரல் 18 அன்று பால்டிமோரில் சொன்ன கதையில், ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை மேய்ப்பன் விரட்டுகிறான்; ஆடு அவனை விடுவித்தவன் என்கிறது, ஓநாய் தன் சுதந்திரத்தைப் பறித்தவன் என்கிறது, ஆடு கறுப்பாடாக இருந்துவிட்டால் ஓநாயின் கூச்சல் இன்னும் அதிகம். அந்நகரம் இருக்கும் மேரிலாந்து மாநிலம் அப்போது அடிமைமுறையை ஒழிப்பது பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. நவம்பரில் ஒழித்தும் விட்டது.

கடைசிப் பொதுப் பேச்சு 1865 ஏப்ரல் 11. லூசியானாவில் உருவான புதிய மாநில அரசு அரைகுறையானதுதான். கறுப்பர்களுக்கு வாக்குரிமை தரவில்லை. மிகுந்த அறிவுள்ளவர்களுக்கும் படைவீரர்களுக்கும் அது தரப்பட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று சொல்லிவிட்டு, கோழி வேண்டுமென்றால் முட்டையை அடைகாக்கலாமா உடைக்கலாமா என்று கேட்டார் லிங்கன். செனட்டர் சார்லஸ் சம்னர் ஏற்கவில்லை: முதலை முட்டையிலிருந்து முதலைதான் வரும் என்றார். மூன்று நாளில் லிங்கனைச் சுட்டுவிட்டார்கள். அந்த முட்டையை அடைகாக்கும் வேலை, கறுப்பர்களின் உரிமையில் அக்கறையற்ற புதிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் கைக்குப் போனது. 1866 ஜூலை 30 அன்று லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர்களின் வாக்குரிமைக்காகக் கூடிய மாநாட்டின்மீது, காவல்துறையும் சேர்ந்துகொண்ட வெள்ளையர் கும்பல் பாய்ந்து பலரைக் கொன்றது. லிங்கன் இருந்திருந்தால் எந்த உவமை வென்றிருக்கும் என்ற கேள்வியில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்த ஆண்டைப் பொறுத்தவரை சம்னர் பக்கமே நியாயம் தெரிகிறது.