மின்னூலும் இலக்கணப் பயிற்சியும்

கருவியின் பயன் அதனைக் கையாள்வோனின் கல்வியளவினதே. வகுப்பறையிற் கணினி இடம்பெற்றுவிட்ட இக்காலத்தில் இவ்வுண்மை தமிழ்ப் பாடத்துக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்கள் பலவற்றை மின்னூலாக்கி விலையின்றி வழங்கி வருகின்றது. நல்ல நூலகமில்லாத ஊரின் மாணவனும் சங்கநூல்களைத் திரையிற் காண்கின்றான். இஃது அளவிடற்கரிய நன்மை. ஆயின், மின்னூலிற் சொற்களைத் தேடித் தொகுத்தலே ஆய்வெனக் கொள்ளும் வழக்கமும் உடன் வளர்கின்றது. அது தக்கதா என்பது ஆராயற்பாலது.

திருக்குறள் கூறும் அறம் பற்றிக் கட்டுரை வரையப் புகும் மாணவனொருவன், 'அறம்' என்னும் சொல்லையிட்டுத் தேடுகின்றான் எனக் கொள்வோம். அவ்வடிவம் வருமிடங்கள் நொடிப்பொழுதிற் கிடைக்கும். ஆனால் 'அறத்துப்பால்' என்னும் பாலின் பெயரும், 'அறன் வலியுறுத்தல்' என்னும் அதிகாரத்தின் பெயருமே அவன் கண்ணிற் படா. முன்னையதில் மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்தது. பின்னையதில் மகரத்துக்கு னகரம் போலியாயிற்று. இத்தகைய தேடல் எழுத்துக்களை ஒப்பிடுமேயன்றிப் புணர்ச்சியை அறியாது.

'அற' எனச் சுருக்கித் தேடினாலோ, சில கருவிகளில் 'அறிவு' முதலிய சொற்களும் வந்து குவியும். றகர மெய்யும் இகர உயிரும் கூடியது 'றி' என்பது நம் இலக்கணம். ஒருங்குறி முறையோ அகரமேறிய றகரத்தின்பின் இகரக் குறியை வைத்து அதனை எழுதுகின்றது. ஆகவே 'அறிவு' என்பதனுள்ளும் 'அற' இருப்பதாகக் கருவி கொள்கின்றது.

அங்ஙனமாயின் மின்னூலை ஒதுக்கிவிடலாமோ? அது பேதைமை. குறைபட்ட அத்தேடலே சிறந்த பாடமாகும். விடுபட்டவை எவை, ஏன் விடுபட்டன என்று ஆசிரியர் வினவின், நன்னூற் சூத்திரங்களைத் தேர்வுக்கென மனனஞ் செய்த மாணவன் அவற்றின் தேவையைத் தானே உணர்வான். பின்னர்ச் சொல்லின் திரிபுகளையெல்லாம் முன்கூட்டி வகுத்துத் தேடுவான். கிடைத்த குறள்களை உரையோடு படித்துத் தெளிவான்.

1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெரிந்தார். அவர்க்குத் துணைநின்றது இலக்கணப் புலமையே. ஏடு திரையாயிற்று, அப்புலமையின் தேவை குறைந்திலது. அதனை ஊட்டாது கணினியை மட்டும் கையிற் கொடுக்கும் வகுப்பறை, விளக்கைத் தந்து கண்ணை மூடுவதாகும்.