தோட்டத்தில் காத்திருந்த கண்

ஒரு வெண்மலர் படச்சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது. அதன் இதழ்கள் நாற்புறமும் விரிந்து ஓரங்களில் மறைகின்றன. தண்டும் இலையும் அடங்கிப்போக, வானமும் மண்ணும் காணப்படவில்லை. நடுவே மகரந்தத் தாள்கள் சூழ்ந்திருக்க, சூலகம் கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. அதன்மேல் சூல்முடிகள் சிறு சுருள்களாய் வளைந்திருக்கின்றன. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இமொஜென் கன்னிங்ஹாம் 1925ஆம் ஆண்டளவில் எடுத்த மக்னோலியா மலரின் படம் இது. கறுப்பும் வெள்ளையும் அவற்றிடையே எண்ணற்ற சாம்பல் நிறங்களுமே இதிலுள்ளவை. ஆயினும் இதழின் தடிப்பையும் குளிர்ச்சியையும் விரல் நுனியில் உணர்வதுபோன்ற மயக்கம் நமக்கு உண்டாகிறது.

வியந்து பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. இப்படம் எடுக்கப்பட்ட காலத்தில் அவ்வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? பத்து வயதை எட்டாத மூன்று ஆண்பிள்ளைகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு உணவு சமைத்து, உடை துவைத்து, அவர்கள்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டியவர் இந்தக் கலைஞரே. படச்சட்டத்துக்குள் இவற்றுள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத அந்தப் பகுதியையும் சேர்த்துப் பார்க்காமல் இப்படத்தை முறையாக மதிப்பிட இயலாது என்பது நம் கருத்து.

கன்னிங்ஹாம் 1883இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1907இல் பட்டம் பெற்றார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை, வீட்டு விறகுக் கொட்டகையிலேயே அவருக்கோர் இருட்டறை அமைத்துக் கொடுத்தார். பின்னர் எட்வர்ட் கர்ட்டிஸின் படநிலையத்தில் பணியாற்றி, பிளாட்டினத் தாளில் படம் அச்சிடும் நுட்பத்தைக் கற்றார். 1909இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்று ஒளிப்பட வேதியியலில் ஆய்வு செய்தார். 1910இல் சியாட்டில் நகரில் சொந்தமாகப் படநிலையம் திறந்தார். 1913இல், ஒளிப்படக் கலையைப் பெண்கள் தொழிலாக மேற்கொள்வது பற்றிக் கட்டுரையும் எழுதி வெளியிட்டார். இவ்வளவும் அவரது திருமணத்துக்கு முன்னரே நிகழ்ந்தவை. இதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண் தற்செயலாகக் கலைஞராகிவிட்டாள் என்று கதை கட்டுவோர் உண்டு.

அவரது சியாட்டில் காலத்துப் படங்கள் வேறு வகையின. நண்பர்களுக்குப் பழங்கால உடை அணிவித்து, காட்டிலும் நீர்க்கரையிலும் நிறுத்தி, மூடுபனி படர்ந்தாற்போல் மங்கலாக எடுத்த படங்கள் அவை. அக்காலத்தில் அதுவே உயர்ந்த கலையாகக் கருதப்பட்டது. ஒளிப்படம் ஓவியத்தைப் போல் தோன்றினால்தான் அதற்கு மதிப்பு. 1915இன் தொடக்கத்தில் அவர் செதுக்கோவியக் கலைஞர் ராய் பார்ட்ரிட்ஜை மணந்தார். அவ்வாண்டே ரெய்னியர் மலைப் பகுதியில், பனியும் நீரும் சூழ்ந்த இடத்தில், கணவரைப் புராண மாந்தரைப்போல் ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தார். அப்படங்கள் அச்சில் வெளிவந்தபோது கண்டனம் எழுந்தது. பெண்ணொருத்தி இப்படிப் படமெடுக்கலாமா என்ற கேள்வியே அதன் சாரம். அவ்வாண்டு டிசம்பரில் முதல் மகன் பிறந்தான். தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருந்த அந்த மாதங்களிலும் அவர் கனவுலகையே படம்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது கருதத்தக்கது.

1917இல் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று குழந்தைகள்! சியாட்டிலில் வளர்த்தெடுத்த படநிலையமும் வாடிக்கையாளரும் கைவிட்டுப் போயினர். 1920இல் பார்ட்ரிட்ஜுக்கு ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் ஆசிரியர் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே சென்றது. பிள்ளைகளை விட்டு வெளியே போக இயலாத தாய், வீட்டைச் சுற்றி இருந்தவற்றின் பக்கம் தம் படக்கருவியைத் திருப்பினார். தோட்டத்துச் செடிகள், அருகில் கிடைத்த மலர்கள், தம் பிள்ளைகள் ஆகிய இவையே அவருடைய உலகமாயின.

இங்கேதான் அவரது கலை மாறியது. மூடுபனி விலகிற்று. வேடமும் புராணமும் மறைந்தன. அல்லிபோல் தோன்றும் காலா மலர்கள் இரண்டை இருண்ட பின்னணியில் ஒன்றையொன்று தழுவுமாறு வைத்து எடுத்த படம் இக்காலத்தது. நம் சேம்பும் சேனையும் எக்குடும்பத்தைச் சேர்ந்தவையோ அக்குடும்பத்தையே இச்செடியும் சேர்ந்தது. நாம் இதழ் என்று மயங்குவது உண்மையில் ஒரு மடல். அதனுள்ளே நிற்கும் தண்டில்தான் நுண்ணிய மலர்கள் ஒட்டியிருக்கின்றன. கன்னிங்ஹாம் அம்மடலின் விளிம்பு சுருளும் விதத்தையும், வெண்மையின்மேல் நிழல் வழுக்கிச் செல்லும் விதத்தையும் அளந்து காட்டுகிறார். மக்னோலியாவை மட்டும் 1923 முதல் 1925 வரை மூன்றாண்டுகள் மீண்டும் மீண்டும் படமெடுத்தார்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் யாது? தொழில்நுட்பம் சார்ந்த ஒரு விடையை முதலில் கூறுவோம். பொருள் முழுவதும் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறிதானால் உட்புகும் ஒளி குறையும். அதை ஈடுசெய்யப் படத்தகட்டை நெடுநேரம் ஒளிபடத் திறந்துவைக்க வேண்டும். அந்நேரம் முழுவதும் பொருள் அசையாதிருத்தல் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அசையாதிருக்குமா? மலர் இருக்கும். காற்று வீசாதவரை அது பொறுத்துக்கொள்ளும். பிள்ளை அழைத்தால் போய்வரலாம். மலர் அவ்விடத்திலேயே காத்திருக்கும். தாயின் நேரம் துண்டுதுண்டாகச் சிதறுவது. அத்துண்டுகளுக்குள் அடங்கக்கூடிய கலையை அவர் கண்டுகொண்டார்.

இவ்விடத்தில் திறனாய்வாளர் இரு சாராராகப் பிரிகின்றனர். ஒரு சாரார், பிள்ளைப்பேறு ஒரு பெருங்கலைஞரின் ஆண்டுகளை விழுங்கிவிட்டது என்று வருந்துவர். மற்றொரு சாரார், வீட்டின் நான்கு சுவர்களே அவருக்குக் கலையைத் தந்தன, ஆகவே அந்தக் கட்டுப்பாடு ஒரு பேறே என்று மகிழ்வர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

முதல் கூற்று படங்களாலேயே பொய்யாகிறது. 1929இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடைபெற்ற ‘ஃபிலிம் உண்ட் ஃபோட்டோ’ என்னும் பன்னாட்டுக் கண்காட்சிக்கு எட்வர்ட் வெஸ்டன் அமெரிக்க மேற்குக் கரைக் கலைஞரின் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது, கன்னிங்ஹாமின் படங்கள் பத்தினைச் சேர்த்தார். அவற்றுள் பெரும்பாலானவை செடிகளின் படங்களே. 1932இல் ‘எஃப் 64’ என்னும் குழு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவாகிக் கூர்மையான படமே உண்மையான படம் என்று முழங்கியது. லென்ஸின் மிகச் சிறிய துளை ஒன்றைக் குறிக்கும் எண்ணே அக்குழுவின் பெயர். கன்னிங்ஹாம் அதன் உறுப்பினருள் ஒருவர். குழு முழங்கியதை அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே தம் தோட்டத்தில் செய்துவிட்டிருந்தார். இழந்த ஆண்டுகள் என்று கருதப்பட்டவையே அவரது முதிர்ச்சியின் ஆண்டுகளாயின.

இரண்டாம் கூற்று இன்னும் இடர் மிக்கது. ஏனெனில் அது இனிமையாக ஒலிக்கிறது. கட்டுப்பாடு ஒருவரைக் கலைஞராக்குமாயின், வீட்டுக்குள் அடங்கிய தாய்மார் அனைவரும் கலைஞராகியிருக்க வேண்டுமே! அவருக்கு வேதியியல் தெரிந்திருந்தது. டிரெஸ்டன் ஆய்வுக்கூடம் தெரிந்திருந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் தொழில் நடத்திய கை இருந்தது. கணவர் வெளியே சென்று வரையவும் கற்பிக்கவும் முடிந்தது. மனைவி தம் கலைக்கான நேரத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இருட்டறைக்கும் இடையே தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடி வென்றமைக்காக அவரைப் போற்றலாம். தேட வைத்த ஏற்பாட்டைப் போற்றுதல் தகாது.

அந்த ஏற்பாடு நிலைக்கவுமில்லை. 1934இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழின் பணிக்காக நியூயார்க் செல்லும் வாய்ப்பு வந்தது. தாமும் உடன்வரும்வரை பொறுத்திருக்குமாறு கணவர் கேட்டார். அவர் பொறுக்கவில்லை, சென்றார். அவ்வாண்டே மணவாழ்வு முறிந்தது. எவர்மேல் பிழை என்று தீர்ப்பிடுவது நம் பணியன்று. ஆனால் எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்த ஒருவரிடம் இன்னும் காத்திரு என்று சொல்லப்பட்டது என்பதை மட்டும் குறிப்பிடுவோம்.

இனி மலர்ப் படத்துக்கே திரும்புவோம். தமிழ் கற்ற கண்ணுக்கு அப்படத்தில் வேறொன்றும் தெரியக்கூடும். கருவுற்ற பெண்ணைச் சூலி என்கிறோம். மழை சுமந்த மேகத்தைச் சூல்கொண்ட மேகம் என்கிறோம். மலரின் நடுவே கனியாகப் போகும் பகுதியையும் சூலகம் என்கிறோம். தாய்க்கும் முகிலுக்கும் மலருக்கும் நம் மொழி ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. மக்னோலியாவும் நமக்கு முற்றிலும் அயலான மலரன்று. நம் செண்பகம் அதன் உறவே. கன்னிங்ஹாமின் படத்தில் இதழ்கள் விலகி நிற்க, ஒளி சென்று தங்கும் இடம் அச்சூலகம்தான். இருமுறை கருவுற்று மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒருவர், மலரில் வேறெதையும்விட அந்த நடுவிடத்தை உற்றுநோக்கினார். இதை ஓர் உருவகமாக்கி, மலர் தாய்மையின் சின்னம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மலரை மலராகவே காட்டியதில்தான் அவரது பெருமை இருக்கிறது. கனவுலகப் படங்களில் ஒவ்வொன்றும் வேறொன்றைச் சுட்டிக்கொண்டிருந்தது. இங்கே எதுவும் வேறெதையும் சுட்டவில்லை. இன்னும் முகம் காட்டாத ஓர் உயிருக்காகக் காத்திருந்து பழகியவர்க்கு, எதிரே இருப்பதன்மேல் தம் விருப்பத்தை ஏற்றாமல் பார்க்கும் பொறுமை வாய்த்தது என்று கொள்வதே பொருந்தும்.

ஆயினும் இப்படங்களில் ஒரு குறையை நாம் உணராமலில்லை. அவற்றின் தூய்மை சில வேளை அளவு மீறுகிறது. மண் ஒட்டவில்லை, பூச்சி அரிக்கவில்லை, கசங்கிய இதழ் ஒன்றுமில்லை. வீட்டின் இரைச்சலை மறைத்தது போலவே தோட்டத்தின் அழுக்கையும் சட்டம் மறைத்துவிட்டது. தொட்டியையும் துணிக்கொடியையும் இதே கண் இதே பொறுமையோடு பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் எழுகிறது.

அந்த ஏக்கத்துக்கு விடை முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1957இல் அவர் எடுத்த ‘சீர்செய்யாத படுக்கை’ என்னும் படத்தில், கசங்கிய வெண்விரிப்பும் அதன்மேல் சிதறிய கொண்டை ஊசிகளுமே உள்ளன. விரிப்பின் மடிப்புகளில் ஒளி விழும் விதம் மக்னோலியா இதழில் விழுந்த விதமே. இப்போது மலருக்குப் பதிலாக அன்றாட வாழ்வு அவ்விடத்தில் கிடக்கிறது. ஆள் இல்லை, எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். இப்படத்தின் பிரதியை மணமக்களுக்குப் பரிசளிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். படுக்கையை ஒழுங்கு செய்வதைவிட மனைவிக்கு வேறு வேலைகளும் உண்டென்று கணவன் அறியட்டும் என்பதற்காக! அப்புன்னகைக்குள் ஓக்லாந்து ஆண்டுகளின் கணக்கு முழுவதும் இருக்கிறது. மலர்ப் படம் சொல்லாமல் விட்டதை இப்படம் சொல்லிவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கலைஞர் முழுமையாகத் தெரிகிறார்.

குடும்பப் படத்தொகுப்புகளில் தாய் பெரும்பாலும் படத்துக்குள் இருப்பவர். பார்க்கும் கண் வேறொருவருடையது. கருவுற்ற நாளில் அலங்கரித்து நிறுத்தப்படுவார். பிள்ளையை மடியில் வைத்து அமர்த்தப்படுவார். அவர் என்ன பார்த்தார் என்பதற்குச் சான்று இராது. கன்னிங்ஹாமின் தோட்டப் படங்கள் அந்த அரிய சான்று. மூன்று பிள்ளைகளுக்கு நடுவே நின்ற ஒரு தாய் கண்டது இது என்று அவை நமக்குக் காட்டுகின்றன. அவருடைய இரட்டையருள் ஒருவரான ரான்டல், சிறுவயதில் தாயின் இருட்டறையில் உதவி செய்து, பின்னாளில் தாமும் ஒளிப்படக் கலைஞரானார். தாயின் வேலையைக் கண்டு வளரும் பிள்ளை இழப்பது ஒன்றுமில்லை போலும்.

கன்னிங்ஹாம் 1976இல், தம் 93ஆம் வயதில் மறைந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தபின் அவர் மேற்கொண்ட பணி முதியோரைப் படமெடுப்பது. அந்நூல் அவர் மறைந்த மறு ஆண்டு வெளியாயிற்று. முதியோரின் முகங்களையும் அவர் பார்த்தது மலரைப் பார்த்த அதே பொறுமையோடுதான்.

நம் வீடுகளில் கைத்திறன் உள்ள ஒரு பெண் கருவுற்றிருக்கும்போது, பிள்ளை பிறந்தபின் இதெல்லாம் எதற்கு என்று அன்போடுதான் சொல்கிறோம். அப்படிச் சொல்ல வாயெடுக்கும் நாளில் அந்த வெண்மலரை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். பிறகு, பாத்திரங்களை நாம் கழுவுவோம்.