கோடு போட்டால் படித்ததாகுமா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேசையில் இன்று பேனாவைவிட ஹைலைட்டர்தான் அதிகம். ஆண்டுக்கு மஞ்சள், பெயருக்குப் பச்சை, காரணத்துக்கு இளஞ்சிவப்பு என்று பிரித்துத் தீட்டிய பக்கங்கள் இன்ஸ்டாகிராமில் வலம்வருகின்றன. வண்ணம் மனத்தில் பதியும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம்.

தேர்வுக்கு முந்தைய இரவில் புத்தகத்தைப் புரட்டுபவருக்கு அந்தக் கோடுகள் வழிகாட்டும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் குடத்தில் பெயர் ஓலைகளை இட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த சோழர் காலக் குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பாடத்தைத் தீட்டிய ஒருவரிடம் என்ன மிஞ்சுகிறது? முதலாம் பராந்தகன், 30 குடும்புகள் (ஊரின் வட்டங்கள்), 35 முதல் 70 வரையிலான வயது, கால் வேலிக்கு மேல் நிலம். எல்லாம் மஞ்சளில் இருக்கின்றன. கணக்குக் காட்டாத உறுப்பினரின் உறவினர்களுக்கும் தடை விதித்தது ஏன்? நிலமில்லாதவரின் பெயர் குடவோலையில் ஏறுமா? ஏறாதென்றால் இதை மக்களாட்சி என்று கொண்டாடலாமா? இவற்றைக் கேட்க வேண்டிய நேரத்தில் கை கோட்டை நேராக இழுப்பதில் முனைந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய கேடு அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது நேர்கிறது. மஞ்சள் வரி பழகிய முகமாகத் தெரிய, பாடமே தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனை இந்த ஏமாற்றத்தை அளந்து காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, உரைப்பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழ்: முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. அந்தச் சோதனையில் ஹைலைட்டர் இல்லைதான். ஆனால் மஞ்சள் கோடு மாணவரை இழுத்துச் செல்வது அதே மறுவாசிப்புக்குத்தான். உளவியலாளர் டன்லாஸ்கியின் குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது கோடிடுவதையும் மறுவாசிப்பையும் குறைந்த பயனுள்ளவை என்றார்கள். தன்னைத் தானே சோதிப்பதையும் இடைவெளிவிட்டுப் படிப்பதையும் மேலே வைத்தார்கள்.

தீட்டி முடித்தபின் கேள்வி கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கேட்பதில்லை. தீட்டியதுமே வேலை முடிந்த நிறைவு வந்துவிடுகிறது. அதற்குமேல் தன்னைச் சோதித்துத் தோற்றுப்பார்க்க யாருக்கு மனம் வரும்? அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946-இலேயே தம் படிப்பு முறையில் கேள்வியை வாசிப்புக்கு முன்னால் வைத்தார். தலைப்பைக் கேள்வியாக்கிக்கொண்டு படி, பிறகு மூடிவைத்துச் சொல்லிப்பார் என்றார்.

குடவோலைப் பாடத்தை மூடிவிட்டு, மாணவர் வெள்ளைத்தாளில் ஐந்து வரி எழுதிப் பார்க்கட்டும். மூன்றாவது வரியில் பேனா நின்றால், புத்தகத்தை அந்த இடத்துக்காகத் திறந்தால் போதும்.